பூனையின் வயிற்றில் புழு எப்படி வந்தது?

"இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே காரணத்தைப் பூனைக்கும் சொல்வோர் உண்டு. பால் அதிகம் வைத்தோம், பூச்சி வந்துவிட்டது. கருவாட்டுத் தலையைத் தின்றது, பூச்சி வந்துவிட்டது. ஓசூர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழர் பூனை என்பர், கன்னடியர் பெக்கு என்பர், தெலுங்கர் பில்லி என்பர். பெயர்தான் மூன்று, நம்பிக்கை ஒன்றே.

உண்மையில் பாலோ வெல்லமோ புழுவாக மாறுவதில்லை. புழுவின் முட்டையோ இளவுயிரியோ வெளியிலிருந்து உள்ளே போனால்தான் வயிற்றில் புழு உண்டாகும். இதை இன்று எட்டாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால் அடுத்த கேள்வி அவ்வளவு எளிதன்று. என் வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "எங்கள் பூனைக்குட்டி பிறந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது சார். வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. அது வாந்தி எடுத்ததில் நூல் போலப் புழு வந்தது. வெளியே போகாத குட்டிக்கு வெளியிலிருந்து எப்படிப் புழு வந்தது?"

இயற்பியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி அன்று இது. எனினும் நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமல்தான், "பூச்சி விழுகிற குட்டி வீட்டுக்கு ஆகாது" என்று சாக்கில் கட்டி, எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்கள் சிலர். குட்டி போய்விடுகிறது. அது விட்டுச் சென்ற முட்டைகள் கொல்லையிலேயே இருக்கின்றன.

அறிஞர்களும் தடுமாறிய கேள்வி

குடற்புழு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஐரோப்பிய அறிஞர்களையே நீண்ட காலம் திணறடித்தது. ஆற்றிலும் மண்ணிலும் தேடினால் அதே புழுவைக் காண முடியவில்லை. வயிற்றுக்குள் மட்டுமே காண முடிந்தது. எனவே, அது உடம்பிலேயே பிறப்பது என்று பலர் முடிவு கட்டினர். இதைப் பற்றி டென்மார்க் நாட்டு அறிவியற் கழகம் பரிசு அறிவித்தது. 1782-இல் பெர்லின் நகர மருத்துவர் பிளாக் எழுதி வெளிவந்த ஆய்வுரைக்குப் பரிசு கிடைத்தது. குடற்புழுக்கள் விலங்கோடு கூடப் பிறப்பவை என்பது அவர் கட்சி! பரிசு பெற்ற கருத்தெல்லாம் சரியான கருத்தாகிவிடாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவரை முற்றிலும் நகைத்து ஒதுக்கவும் முடியாது. தாயிடமிருந்து குட்டிக்குப் புழு செல்வது மெய்தான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1850-களில் ஜெர்மானிய மருத்துவர் கூச்சென்மெய்ஸ்டர் ஒரு சோதனை செய்தார். முயல் போன்ற பிராணிகளின் உடலில் காணப்படும் நீர்க்கொப்புளங்களை ஊனுண்ணும் விலங்குகளுக்குத் தின்னக் கொடுத்தார். சில நாட்களுக்குப் பின் அவற்றின் குடலில் நாடாப்புழுக்கள் வளர்ந்திருந்தன. ஒரே புழு, ஒரு விலங்கில் கொப்புளமாகவும் இன்னொரு விலங்கில் நாடாவாகவும் வாழ்கிறது என்பது அப்போதுதான் துலங்கிற்று. புழுவின் வாழ்க்கையை ஒரே வீட்டில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வேறு வீட்டில் இருக்கிறது.

பூனைக்கு வரும் குடற்புழுக்கள் பல. அவற்றில் மூன்று குடும்பங்களை நாம் அறிந்தால் போதும்: உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு. மூன்றும் மூன்று வழியாக வருகின்றன.

உருண்டைப்புழுவின் மூன்று வாசல்கள்

நூல் போல, சற்றே தடித்து, வெண்மஞ்சளாக, வாந்தியிலோ மலத்திலோ சுருண்டு கிடப்பது உருண்டைப்புழு. டாக்ஸோகாரா கேட்டி என்பது இதன் விஞ்ஞானப் பெயர். வளர்ந்த பெண்புழு பத்து சென்டிமீட்டர் வரை நீளும். இது குடலில் கொக்கி மாட்டித் தொங்குவதில்லை. செரித்த உணவுக் கூழில் நீந்திக்கொண்டே வாழ்கிறது. குட்டிக்கு நாம் வைக்கும் பாலிலும் சோற்றிலும் முதல் பங்கு அதற்குத்தான். வயிறு பானை போல உப்பி, முதுகெலும்பு தெரிய, மயிர் பொலிவிழந்து நிற்கும் குட்டியைப் பார்த்து "நன்றாகத் தின்கிறது, உடம்புதான் தேறவில்லை" என்பார்கள். தின்பது யார் என்பதுதான் கேள்வி. புழுக்கள் மிகுந்துவிட்டால் கயிறு போலப் பின்னிக் குடலையே அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது குட்டி பிழைப்பது அரிது.

பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. முட்டை மலத்தோடு வெளியேறி மண்ணில் விழுகிறது. இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. புதிதாக விழுந்த முட்டையால் யாருக்கும் தீங்கில்லை. அதற்குள் ஓர் உயிரணு மட்டுமே இருக்கிறது. ஈரமும் காற்றும் மிதமான சூடும் கிடைத்தால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் முட்டைக்குள்ளேயே இளவுயிரி வளர்ந்து, தோலுரித்து, சுருண்டு படுத்துக் காத்திருக்கும். அதன் பிறகுதான் அது தொற்றும் முட்டை. ஆகவே பூனையின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடும் வீட்டுக்கு ஆபத்து குறைவு. "பிறகு பார்க்கலாம்" என்று விட்டு வைத்த வீட்டுக்கே ஆபத்து.

முட்டையின் ஓடு பல அடுக்குகளால் ஆனது. உள்ளே கொழுப்பாலான ஓர் அடுக்கு இருப்பதால் சாதாரணக் கிருமிநாசினிகள் எளிதில் ஊடுருவா. பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கொதிக்கும் நீர் கொல்லும். சுள்ளென்ற வெயிலும் வறட்சியும் கொல்லும். நிழலான, ஈரமான மண்ணிலோ மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். சூடேறிக் காயும் கிருஷ்ணகிரிப் பாறைச் சரிவைவிட, மாந்தோப்பின் நிழலும், ஓசூர் மேட்டு நிலத்தின் குளிர்ந்த கொல்லைப்புறமும் அதற்கு உகந்த இடம்.

முட்டையைப் பூனை எப்படி உண்கிறது? மண்ணைத் தோண்டிய காலை நக்குகிறது, உடம்பை நக்குகிறது. பூனையின் சுத்தமே அதற்குப் பகையாகிறது! முட்டையின் மேற்புறம் ஒட்டும் தன்மை உடையது. செருப்பின் அடியில் ஒட்டி வாசற்படி தாண்டி வரும். வெளியே போகாத பூனைக்கு வெளியுலகம் இப்படியும் வந்து சேர்கிறது.

வயிற்றில் முட்டை வெடித்ததும் இளவுயிரி நேரே குடலில் தங்கி வளர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அது அப்படிச் செய்வதில்லை. குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுக்குழல் வழியாக மேலேறித் தொண்டைக்கு வருகிறது. பூனை இருமி விழுங்கும்போது மீண்டும் வயிற்றுக்கு வந்து, அதன் பின்னரே குடலில் குடியேறி வளர்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போக சேலம், ஈரோடு, மைசூர் சுற்றிப் போவது போன்ற பயணம் இது. முட்டை உள்ளே போய், வளர்ந்த பெண்புழுவின் முட்டை வெளியே வர ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும்.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். மாணவர் சொன்ன குட்டிக்கு வயது ஆறு வாரம். பிறந்த அன்றே முட்டையை விழுங்கியிருந்தாலும் இன்னும் புழு முதிர்ந்திராது. ஆகவே முட்டை வழி மட்டும் போதிய விடையன்று.

இரண்டாவது வாசல் எலி. முட்டையை எலி தின்றால், எலியின் குடலில் புழு வளர்வதில்லை. இளவுயிரி அதன் தசையிலும் பிற உறுப்புகளிலும் புகுந்து உறங்குகிறது. அந்த எலியைப் பூனை தின்றவுடன் விழித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலிய அறிஞர் ஸ்பிரெண்ட் 1956-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் எலி மட்டுமன்றி, கோழிக்குஞ்சு, மண்புழு, கரப்பான் பூச்சி ஆகியவையும் இவ்வாறு இளவுயிரியைச் சுமக்க வல்லன என்று காட்டினார். இவ்வழியில் வரும் இளவுயிரி கல்லீரல், நுரையீரல் என்று சுற்றுவதில்லை. வயிற்றுச் சுவரிலும் குடலிலுமே வளர்ந்துவிடுகிறது. ராகிப் போரில் எலி பிடிக்கும் பூனையும், கோழிக் கடை வாசலில் பச்சைக் கழிவுக்குக் காத்திருக்கும் பூனையும், மாடி வீட்டுச் சமையலறையில் கரப்பானைத் துரத்தி விளையாடும் பூனையும் இந்த வாசலில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவது வாசல்தான் மாணவரின் கேள்விக்கு உரியது. அது தாய்ப்பால்.

பட்டுப்புழு சொல்லும் பாடம்

நம் மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்போர் பலர். பெப்ரின் நோயைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1865-இல் பிரான்சின் தெற்கே பட்டுத் தொழில் அழியும் நிலைக்கு வந்தபோது, லூயி பாஸ்டர் அங்கே அனுப்பப்பட்டார். நோய்க் கிருமி தாய் அந்துப்பூச்சியின் உடலிலிருந்து முட்டைக்குள் சென்று அடுத்த தலைமுறையைப் பற்றுகிறது என்று சில ஆண்டு உழைப்பில் அவர் கண்டார். அவர் கூறிய தீர்வு எளிமையானது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். கிருமி தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடுங்கள். பட்டுப்புழு விதை நிலையங்களில் தாய்ப்பூச்சிச் சோதனை இன்றும் நடக்கிறது. குஞ்சின் நோயை அறியத் தாயைப் பார்க்க வேண்டும் என்ற அந்த அறிவு பூனைக்கும் பொருந்தும்.

1971-இல் அமெரிக்காவில் ஸ்வெர்செக் என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும், தாய்ப்பூனையின் பால் வழியே உருண்டைப்புழுவின் இளவுயிரிகள் பிறந்த குட்டிகளுக்குச் செல்கின்றன என்று நிறுவினர். சினைப்பூனை முட்டையையோ எலியையோ தின்றபோது உட்புகுந்த இளவுயிரிகள், அதன் திசுக்களினூடே சென்று பால்மடியை அடைகின்றன. பாலோடு குட்டியின் வாய்க்குப் போகின்றன. பால் வழி வந்தவை பெரும்பாலும் நுரையீரல் யாத்திரை செய்யாமல் நேரே குடலில் வளர்கின்றன. எனவே குட்டி ஆறேழு வாரத்தை எட்டும்போதே அதன் குடலில் வளர்ந்த புழு இருக்கக்கூடும். கதவைத் தாழிட்டு வளர்த்த குட்டிக்குப் புழு வந்த மர்மம் இவ்வளவுதான்.

இதில் நாய்க்கும் பூனைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாயின் உருண்டைப்புழு கருப்பையிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். நாய்க்குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. பூனையில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஜெர்மனியில் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை உறுதி செய்ததோடு, இன்னொன்றையும் காட்டிற்று. சினையின் கடைசிக் காலத்தில் புதிதாகத் தொற்றிய தாய்தான் பாலில் புழுவைத் தருகிறது. எப்போதோ தொற்றிய பழைய தொற்று அவ்வாறு பாலில் இறங்கவில்லை. சினையாக இருக்கும் பூனை நன்றாக எலி பிடிக்கிறது என்று மகிழ்கிறோமே, அந்த மகிழ்ச்சிக்கும் ஒரு விலை இருக்கிறது. நிறைசினைப் பூனைக்கு வீட்டிலேயே வயிறாரச் சோறு போட்டால் செலவு அதிகமில்லை.

மண்ணிலிருந்து தோல் வழியே

கொக்கிப்புழு உருவில் சிறியது. ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். கொடுமையில் அது பெரியது. வாயிலுள்ள பற்களால் குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. சிறு குட்டிக்கு இரத்தச் சோகை கண்டு, ஈறு வெளுத்து, மலம் கருத்துப் போகும்.

இதன் முட்டை மண்ணில் பொரித்து, இளவுயிரி ஈர மண்ணில் தனித்து நெளிந்து திரிகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடைகிறது. பூனை அதை நக்கி விழுங்கலாம். அல்லது அதுவே பூனையின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகலாம். தோலைத் துளைக்கும் இந்த வழியைக் கண்டவர் ஆர்தர் லூஸ். எகிப்தின் கெய்ரோ நகரில், 1898-இல், மனிதக் கொக்கிப்புழுவின் இளவுயிரிகள் நிறைந்த நீர் தற்செயலாக அவர் கைமேல் சிந்திற்று. கை அரித்துச் சிவந்தது. சில வாரங்களுக்குப் பின் அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. அதே லூஸ் 1911-இல், இலங்கையில் ஒரு புனுகுப் பூனையின் குடலிலிருந்து கிடைத்த கொக்கிப்புழுவைப் புதிய இனம் என்று கண்டு, இலங்கையின் பெயராலேயே ஆன்சைலோஸ்டோமா சிலானிகம் என்று பெயரிட்டார். நம் வீட்டுப் பூனையிலும் நாயிலும் வாழும் இப்புழு, மனிதன் குடலிலும் வளரக்கூடியது என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்குக் கிழக்கே உள்ள சவ்வாது மலையில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் மனிதர், நாய், மண் ஆகிய மூன்றிலிருந்தும் கொக்கிப்புழு மாதிரிகளைத் திரட்டி, டி.என்.ஏ. முறையில் இனம் பிரித்து 2016-இல் வெளியிட்டனர். மனிதரிடம் இருந்தது பெரும்பாலும் மனிதக் கொக்கிப்புழுவே. ஆயினும் சிலரிடம் நாய்க் கொக்கிப்புழுவின் தடமும் கலந்திருந்தது. மண் ஒன்றுதான், அதில் வெறுங்காலோடு நடப்போர் பலர்.

தெள்ளுப்பூச்சி சுமக்கும் நாடா

பூனையின் வாலடியிலும், அது படுத்த சாக்கிலும் வெள்ளரி விதை போல வெண்மையாக ஏதோ நெளிகிறதா? காய்ந்தபின் அரிசி போலத் தோன்றுகிறதா? அது நாடாப்புழுவின் ஒரு கண்ணி. கண்ணி நிறைய முட்டைகள். இந்த முட்டையைப் பூனை தின்றால் ஒன்றும் ஆகாது. தரையில் வாழும் தெள்ளுப்பூச்சியின் குஞ்சுப்புழு அதைத் தின்ன வேண்டும். வளர்ந்த தெள்ளுப்பூச்சிக்கு இரத்தம் உறிஞ்சும் வாய்தான் உண்டு. முட்டையைத் தின்ன இயலாது. குஞ்சுப்பருவத்துக்கு மெல்லும் வாய் இருக்கிறது. குஞ்சு தின்ற முட்டை, அது கூட்டுப்புழுவாகி, வளர்ந்து குதிக்கும் பூச்சியாகும் வரை உள்ளேயே இருந்து வளர்கிறது. தெள்ளுப்பூச்சி கடித்த இடத்தைப் பூனை நக்கும்போது பூச்சியும் வயிற்றுக்குள் போகிறது. இரண்டு மூன்று வாரத்தில் புதிய கண்ணிகள் விழத் தொடங்கும். ஆகவே இந்த நாடாப்புழுவுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைப்பது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போலாகும்.

வேறொரு நாடாப்புழு எலி வழியாக வருகிறது. எலியின் கல்லீரலில் வெண்மையான கொப்புளமாகத் தங்கி, பூனையின் குடலில் நாடாவாக நீள்கிறது. கூச்சென்மெய்ஸ்டர் சோதனையில் கண்ட கதைதான்.

உப்பு நீரில் மிதக்கும் உண்மை

புழு கண்ணுக்குத் தெரிந்தால்தான் இருக்கிறது என்பதில்லை. கால்நடை மருத்துவர் மலத்தைச் சோதித்து முட்டையைக் கண்டுபிடிக்கிறார். இந்தச் சோதனையில் அடங்கியிருப்பது முழுக்க முழுக்க நம் பாடநூல் இயற்பியல். ஆகவே இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

நெல் விதை தேர்ந்தெடுக்கும்போது உழவர்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீரில் ஒரு கோழிமுட்டையை இடுகிறார்கள். அது மூழ்குகிறது. உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறார்கள். ஒரு நிலையில் முட்டை மேலெழுந்து மிதக்கிறது. அந்தக் கரைசலில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும். திரட்சியான விதை மூழ்கும். புழு முட்டையைப் பிரிப்பதும் இதே முறைதான். இங்கே மட்டும் மிதப்பதுதான் நமக்கு வேண்டியது. 1921-இல் வில்லிஸ் என்பவர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் இந்த எளிய முறையை வெளியிட்டார்.

நூறு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பு கரையும். அந்தப் பூரிதக் கரைசலின் ஒப்படர்த்தி 1.20. புழு முட்டையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.10. வெறும் நீரில் மூழ்கும் முட்டை, உப்பு நீரில் மேலேறும். எவ்வளவு நேரத்தில்? ஸ்டோக்ஸ் விதி விடை சொல்லும். பூனையின் உருண்டைப்புழு முட்டையின் விட்டம் சுமார் 70 மைக்ரான். தலைமயிரின் தடிமன் அளவு. அடர்த்தி வேறுபாடு ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகிராம். பூரித உப்பு நீரின் பாகுநிலை தூய நீரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இவற்றை வாய்பாட்டில் இட்டால், முட்டை நொடிக்கு 0.15 மில்லிமீட்டர் வேகத்தில் மேலேறும் என்று வருகிறது. பத்து சென்டிமீட்டர் குழாயின் அடியில் உள்ள முட்டை மேற்பரப்பை அடைய ஏறத்தாழ பதினொரு நிமிடம். ஆய்வுக்கூடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுவே. மாணவர்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். முட்டையின் விட்டம் பாதியானால் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்காகும் என்பதையும் கவனிக்கவும்.

அப்படியானால் இன்னும் அதிக நேரம் வைத்தால் இன்னும் நல்லதல்லவா? அல்ல. சவ்வூடு பரவலால் முட்டையிலிருந்து நீர் வெளியேறி, அது சுருங்கி உருக்குலைந்துவிடும். அடையாளம் காண்பது கடினம். மேலும், சோதனையில் முட்டை தென்படவில்லை என்றால் புழுவே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. நுரையீரலில் பயணம் செய்யும் இளவுயிரி முட்டையிடாது. தெள்ளுப்பூச்சி வழி வரும் நாடாப்புழு முட்டைகளைக் கண்ணியோடு சேர்த்தே வெளியேற்றுவதால், உப்பு நீரில் அவை அடிக்கடி அகப்படுவதில்லை. அதற்குப் படுக்கைச் சாக்கை உதறிப் பார்ப்பதே நல்ல சோதனை.

குழந்தை விளையாடும் மணல்

இதெல்லாம் பூனையோடு நின்றுவிட்டால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1950-இல் வாஷிங்டனில் ஹெலனர் வைல்டர் என்ற பெண் ஆய்வாளர், குழந்தைகளின் கண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். புற்றுநோயோ என்று ஐயுற்று அறுவை செய்து எடுத்த கண்கள் அவை. ஆராய்ந்த 46 கண்களில் 24-இல் புழுவின் இளவுயிரியோ அதன் எச்சமோ இருந்தது. புற்றுநோயே இல்லாமல் கண்ணை இழந்தவை அந்தக் குழந்தைகள். பின்னர் அவற்றுள் சில நாயின் உருண்டைப்புழு என்று அடையாளம் காணப்பட்டன. 1952-இல் பால் பீவரும் அவர் குழுவினரும், நியூ ஆர்லியன்ஸ் நகரக் குழந்தைகளின் கல்லீரலில் இதே இளவுயிரிகள் அலைவதைக் காட்டினர். மனித உடலில் இவை முதிர்வதில்லை. எலியின் உடலில் போலவே திசுக்களில் அலைந்து தங்கிவிடுகின்றன. இத்தகைய நோயில் நாய்ப் புழுவின் பங்கே பெரிது என்று கருதப்படுகிறது. எனினும் பூனைப் புழுவும் இதைச் செய்ய வல்லதே.

பூனையைத் தொட்டாலே இந்நோய் வரும் என்று அஞ்சுவது வீண். முட்டை முதிர வாரக்கணக்கு வேண்டும் என்று முன்பே சொன்னோம். ஆபத்து இருப்பது மண்ணிலும் மணலிலும். ஓசூரில் வீடு கட்டாத தெரு அரிது. வாசலில் கொட்டிய மணலும் எம்-சாண்டும் மாதக்கணக்கில் கிடக்கும். உதிரியான மண்ணைத் தோண்டி மூடுவது பூனையின் பிறவிக் குணம். அதற்கு இதைவிடச் சிறந்த கழிப்பிடம் கிடையாது. மாலையில் அதே குவியலில் சிறுவர்கள் வீடு கட்டி விளையாடுகிறார்கள். இரவில் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தாலே போதும். விளையாடி வந்த பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கொல்லையில் பறித்த கீரையை நன்றாக அலச வேண்டும். 2015 முதல் நாடெங்கும் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை, மனிதக் குடலில் வளரும் புழுக்களுக்கானது. அதையே ஒடித்துப் பூனைக்குக் கொடுப்போர் இருக்கிறார்கள், செய்யக் கூடாது. பூனையின் எடைக்கேற்ற மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை.

பூனைக்குக் கொடுக்கும் மருந்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். பைரண்டெல் போன்ற மருந்து உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் விரட்டும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். "மாத்திரை கொடுத்தும் பூச்சி போகவில்லை" என்பவர்களில் பலர், வேறு புழுவுக்கு உரிய மாத்திரையைக் கொடுத்தவர்களே.

குட்டிக்கு மூன்றாம் வாரத்தில் முதல் மருந்து. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை. அதன்பின் ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறை என்பது பொதுவாகக் கூறப்படும் முறை. நாய்க்குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே தொடங்குவார்கள். அது பிறக்கும்போதே புழுவோடு வருவதால் அந்த ஒரு வார முந்தல். திரும்பத் திரும்ப ஏன் கொடுக்க வேண்டும் என்றால், குடலில் இருக்கும் புழுவை மருந்து கொல்லும். நுரையீரலிலும் திசுக்களிலும் பயணத்தில் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும். பாலில் புதியவை வந்துகொண்டும் இருக்கும். இன்று தப்பியவை குடலுக்கு வந்து சேர்ந்து, முட்டையிடத் தொடங்கும் முன் அடுத்த வேளை மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் பாறை மேல் காயப் போடலாம். கிருஷ்ணகிரியில் பாறைக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லை.